விமானந்தாங்கிக் கப்பலின் காவலும் மனிதத் தவறும்: சுவிட்சர்லாந்து தரும் பாடம்

கடற்கரையே இல்லாத நாடு சுவிட்சர்லாந்து. விமானந்தாங்கிக் கப்பல் எதுவும் அதனிடம் இல்லை. ஆயினும், அத்தகைய கப்பல்களைக் காக்கும் ஆயுதங்கள் பற்றிய இன்றைய விவாதத்தில் அந்நாட்டின் இரு நகரங்களைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது. தானியங்கிக் கருவியும் மனிதரும் ஒரே தருணத்தில் எதிரெதிரான கட்டளைகளைப் பிறப்பித்தால் என்ன நேரும் என்பதை 2002ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தியது சூரிச். எந்த ஆயுதத்தை எந்த அளவுக்குத் தானாக இயங்க விடலாம் என்பது குறித்து அரசுகள் பல ஆண்டுகளாகப் பேசிவரும் இடம் ஜெனீவா.

இந்த விவாதத்துக்குப் புதிய அவசரத்தைத் தந்தது 2024 டிசம்பர் 22ஆம் தேதி அதிகாலை செங்கடலில் நடந்த ஒரு சம்பவம். ஹாரி எஸ். ட்ரூமன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து சென்ற எஃப்-18 ரகப் போர் விமானம் ஒன்றை, அதே கப்பல் அணியில் காவலுக்கு நின்ற கெட்டிஸ்பர்க் என்ற போர்க்கப்பல் பகைவரின் ஏவுகணை என்று கருதிச் சுட்டு வீழ்த்தியது. விமானிகள் இருவரும் வெளியே குதித்து உயிர் தப்பினர். யேமனின் ஹூத்தி இயக்கத்தினர் ஏவிய ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அந்த அணி எதிர்கொண்டிருந்த நேரம் அது.

காக்க வேண்டிய விமானத்தையே காவல் கப்பல் வீழ்த்தியது எப்படி என்ற கேள்விக்கு, 'மனிதத் தவறு' என்ற பதில் உடனடியாகக் கிடைத்தது. அந்தப் பதில் போதுமானதா என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி.

அரண்களின் அமைப்பு

விமானந்தாங்கிக் கப்பல் தனியாகச் செல்வதில்லை. அதைச் சுற்றிப் பல வளையங்களாகக் காவல் அமைக்கப்படுகிறது. வெளி வளையத்தில், கண்காணிப்பு விமானங்களும் போர் விமானங்களும் பல நூறு கிலோமீட்டர் தொலைவு வரை பார்வையைச் செலுத்துகின்றன. அடுத்த வளையத்தில், ஈஜிஸ் போன்ற கணினி சார்ந்த ராடார் அமைப்புகளைக் கொண்ட துணைக் கப்பல்கள் நீண்ட தூர ஏவுகணைகளுடன் நிற்கின்றன. இவற்றைத் தாண்டி வருவதைக் குறுந்தூர ஏவுகணைகள் எதிர்கொள்ளும். கடைசி அரணாக, ஃபேலங்ஸ் போன்ற விரைவுத் துப்பாக்கிகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான குண்டுகளைப் பொழியும்.

இந்தக் கடைசி அரணைத் தானியங்கி நிலையில் வைத்துவிட்டால், இலக்கைக் கண்டறிவது முதல் சுடுவது வரை அனைத்தையும் கருவியே செய்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் ஏவுகணை ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரைக் கடக்கிறது. கடல் மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வரும் ஏவுகணையைப் பூமியின் வளைவு மறைப்பதால், கப்பலின் ராடார் அதைச் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பின்னரே காண முடிகிறது. கண்டு, ஆராய்ந்து, முடிவெடுத்து, சுடுவதற்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடங்களே மிஞ்சுகின்றன.

அந்த ஓரிரு நிமிடங்களில் மனிதருக்கு என்ன இடம் என்பதுதான் சிக்கல்.

சுடாததும் தவறு, சுட்டதும் தவறு

கடற்படை வரலாற்றில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு சம்பவங்கள் இச்சிக்கலின் இரு முனைகளையும் காட்டுகின்றன.

1987 மே 17ஆம் தேதி, பாரசீக வளைகுடாவில் இருந்த ஸ்டார்க் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை இராக்கிய விமானம் ஒன்று ஏவிய இரு எக்ஸோசெட் ஏவுகணைகள் தாக்கின. மாலுமிகள் 37 பேர் உயிரிழந்தனர். கப்பலில் இருந்த ஃபேலங்ஸ் துப்பாக்கி தானியங்கி நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. உரிய நேரத்தில் தற்காப்பு நடவடிக்கை எடுக்கவில்லை என்று கப்பலின் தலைமை அதிகாரி குற்றம் சாட்டப்பட்டார்.

ஓராண்டு கழித்து, 1988 ஜூலை 3ஆம் தேதி, அதே வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற மற்றோர் அமெரிக்கக் கப்பல் இரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த அந்த விமானத்தில் இருந்த 290 பேரும் மாண்டனர். அவர்களில் 66 பேர் சிறுவர் சிறுமியர். விமானம் புறப்பட்டு ஏழு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த விமானம் மேலேறிக்கொண்டிருந்ததை ஈஜிஸ் அமைப்பு சரியாகவே பதிவு செய்திருந்தது. ஆனால், அது தங்களை நோக்கி இறங்கி வருவதாக அறையில் இருந்தவர்கள் அறிவித்தனர். தாக்குதல் வரும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள், தாங்கள் எதிர்பார்த்ததையே திரையில் கண்டனர் என்று விசாரணை பின்னர் விளக்கியது.

முதல் கப்பலில், சுடத் தயங்கியது தவறாயிற்று. இரண்டாவதில், சுட்டது தவறாயிற்று. இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சூட்டப்பட்டது. ஸ்டார்க் கப்பலின் கதி மற்றக் கப்பல்களின் அதிகாரிகள் மனதில் ஏற்படுத்தியிருந்த அச்சத்தை நினைத்துப் பார்த்தால், முதல் தவறுக்கு அளிக்கப்பட்ட விளக்கமே இரண்டாவது தவறுக்கு வழி அமைத்ததோ என்ற ஐயமும் எழுகிறது.

விமானந்தாங்கிக் கப்பலே நேரடியாகத் தவறிழைத்த நிகழ்வும் உண்டு. 1992 அக்டோபர் தொடக்கத்தில், ஈஜியன் கடலில் நேட்டோ நாடுகளின் கூட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, சரடோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட இரு சீ ஸ்பேரோ ஏவுகணைகள் நட்பு நாடான துருக்கியின் முவாவனெத் கப்பலைத் தாக்கின. அக்கப்பலின் தலைமை அதிகாரி உட்பட ஐவர் பலியாயினர். நள்ளிரவில் எழுப்பப்பட்ட ஏவுகணைக் குழுவினருக்கு, நடப்பது வெறும் ஒத்திகை என்பது தெரிவிக்கப்படவில்லை. ஒத்திகைக்கெனச் சொல்லப்பட்ட கட்டளைகளை அவர்கள் உண்மையான கட்டளைகளாகவே எடுத்துக்கொண்டனர். ஏவுகணை தற்செயலாகப் பாயாதிருக்கப் பல படிநிலைகள் இருந்தும், ஒவ்வொரு படியையும் அவர்கள் முறைப்படி கடந்து சென்றதால், அவற்றில் எதுவும் தடையாக நிற்கவில்லை.

சூரிச்: 43 வினாடிகள்

போர்க்கப்பல்களில் நடக்கும் தவறுகளின் முழு விவரம் பெரும்பாலும் இராணுவ இரகசியத்துக்குள் மறைந்துவிடுகிறது. மனிதரும் தானியங்கிப் பாதுகாப்புக் கருவியும் முரண்பட்ட ஒரு நிகழ்வு, வினாடிக்கு வினாடி ஆராயப்பட்டுப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது என்றால், அது சூரிச் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருந்த வான்பரப்பில் நடந்த விபத்துதான்.

2002 ஜூலை 1ஆம் தேதி இரவு, தெற்கு ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரியை ஒட்டிய ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதின. ஒன்று, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா சென்ற பஷ்கீரியன் ஏர்லைன்ஸின் டுபொலேவ் விமானம். மற்றது, இத்தாலியின் பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சென்ற டி.எச்.எல். நிறுவனத்தின் போயிங் சரக்கு விமானம். இரண்டிலும் இருந்த 71 பேரும் உயிரிழந்தனர். இவர்களில் 52 பேர் சிறுவர் சிறுமியர். பெரும்பாலோர் ரஷ்யாவின் உஃபா நகரிலிருந்து ஸ்பெயினுக்கு விடுமுறைக்குச் சென்றவர்கள். அந்த வான்பரப்பு ஜெர்மனிக்கு உரியது என்றாலும், அதன் போக்குவரத்தைச் சுவிட்சர்லாந்தின் ஸ்கைகைட் நிறுவனம் சூரிச்சிலிருந்து நிர்வகித்து வந்தது.

இரு விமானங்களும் ஒரே உயரத்தில் நெருங்கி வருவதைத் தாமதமாகக் கவனித்த கட்டுப்பாட்டாளர், டுபொலேவ் விமானத்தைக் கீழிறங்குமாறு பணித்தார். ஏழு வினாடிகள் கழித்து, அதே விமானத்தில் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி மேலேறுமாறு கூறியது. போயிங் விமானத்தின் கருவி அதைக் கீழிறங்கச் சொன்னது. போயிங் விமானிகள் கருவியின் சொல்லைக் கேட்டனர். டுபொலேவ் விமானிகள் மனிதரின் சொல்லைக் கேட்டனர். இரு விமானங்களும் சேர்ந்தே கீழிறங்கின. கட்டுப்பாட்டாளரின் முதல் கட்டளைக்கும் மோதலுக்கும் இடையே கழிந்த நேரம் 43 வினாடிகள். விமானங்களில் இருந்த கருவிகள் என்ன சொல்லின என்பது அவரது திரையில் தெரியாது.

ஜெர்மனியின் விமான விபத்து விசாரணை அமைப்பு 2004 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, கட்டுப்பாட்டாளர் தாமதித்ததையும் டுபொலேவ் விமானிகள் கருவிக்கு மாறாகச் செயல்பட்டதையும் உடனடிக் காரணங்களாகக் குறிப்பிட்டது. ஆனால், அது அத்துடன் நின்றுவிடவில்லை. இரவுப் பணியில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர் ஓய்வெடுக்கச் செல்லும் வழக்கத்தை நிர்வாகம் பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருந்தது என்று அறிக்கை கூறியது. அன்றிரவு, பராமரிப்புப் பணிக்காக மோதல் எச்சரிக்கையைத் திரையில் காட்டும் வசதி நிறுத்தப்பட்டிருந்தது. முதன்மைத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்று இணைப்பு பழுதாகிக் கிடந்தது. ஆபத்தைத் தங்கள் ராடாரில் கண்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மையத்தினர் சூரிச்சைத் தொடர்புகொள்ள மீண்டும் மீண்டும் முயன்றும் முடியவில்லை. தாமதமாக வந்த மற்றொரு விமானத்தை ஃபிரெடெரிக்ஸ்ஹாஃபென் விமான நிலையத்தில் இறக்கும் வேலையும் அதே மனிதரின் தலையில் விழுந்திருந்தது. அவர் இரு பணிமேசைகளுக்கு இடையே தனியாக அல்லாடிக்கொண்டிருந்தார்.

ஒவ்வோர் அரணிலும் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தது. கடைசியில் நின்ற மனிதர்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

அதன் விலை கொடூரமானதாக அமைந்தது. அறிக்கை வெளிவருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 2004 பிப்ரவரி 24ஆம் தேதி, விபத்தில் மனைவியையும் இரு குழந்தைகளையும் இழந்த ரஷ்யர் ஒருவர், சூரிச் அருகே க்ளோட்டனில் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவரது வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். பொறுப்பு எங்கெங்கு பரவிக் கிடந்தது என்பதை நீதிமன்றம் சொல்வதற்கு மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 2007 செப்டம்பரில் பூலாக் மாவட்ட நீதிமன்றம், விசாரிக்கப்பட்ட ஸ்கைகைட் பணியாளர் எண்மரில் நால்வரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று அறிவித்தது. அவர்களில் மூவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள்.

விபத்துக்கு 17 மாதங்களுக்கு முன்பு, 2001 ஜனவரியில், ஜப்பானில் இதே முரண்பாடு ஏற்பட்டு, இரு பயணிகள் விமானங்கள் மயிரிழையில் தப்பியிருந்தன. சுமார் 100 பேர் காயமடைந்தனர். கருவியும் மனிதரும் முரண்பட்டால் யார் சொல் மேலானது என்பதை உலக அளவில் ஐயத்துக்கு இடமின்றி அறுதியிட 71 பேரின் மரணம் தேவைப்பட்டது. மோதல் தவிர்ப்புக் கருவி கட்டளையிட்டால், கட்டுப்பாட்டாளர் என்ன சொன்னாலும் விமானி கருவியையே பின்பற்ற வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003 நவம்பரில் விதியைத் தெளிவாக்கியது. ஒரு விமானம் கருவிக்கு மாறாகச் சென்றால் அடுத்த விமானத்துக்கான கட்டளையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும் திறனும் பின்னர் அக்கருவிகளில் மேம்படுத்தப்பட்டது.

கடலுக்குப் பொருந்துமா?

சூரிச் தந்த பாடத்தைக் கடற்படைகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? 'கருவியைக் கேள்' என்ற விதியைப் போர்க்கப்பலிலும் எழுதிவைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

தீராது. பயணிகள் விமானத்தில் உள்ள கருவி தேவையின்றி எச்சரித்தாலும், விமானம் சில நூறு அடி ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவுதான். போர்க்கப்பலில் கருவி தவறினால் எதிரே இருப்பவர் இறப்பார். மேலும், மோதல் தவிர்ப்புக் கருவிகள் ஒன்றோடொன்று பேசி, ஒன்று ஏறவும் மற்றது இறங்கவும் உடன்பாடு செய்துகொள்கின்றன. போர்க்களத்தில் எதிரே வருவது தன்னை மறைத்துக்கொள்ளவே முயலும். நண்பர் யார், பகைவர் யார் என்று அடையாளம் காட்டும் கருவிகள் இதற்கெனவே உள்ளன. ஆனால், அவையும் பழுதாகின்றன.

செங்கடல் சம்பவம் உட்பட, ட்ரூமன் அணிக்கு நேர்ந்த நான்கு விபத்துகள் பற்றிய விசாரணை அறிக்கைகளை அமெரிக்கக் கடற்படை 2025 டிசம்பரில் வெளியிட்டது. விமானத்தைச் சுட எடுத்த முடிவு தவறானது என்று அது கூறியது. அதே வேளையில், அடையாளம் காட்டும் கருவியில் இருந்த குறைபாடுகளையும், கெட்டிஸ்பர்க் கப்பல் அணியின் மற்றப் பிரிவுகளுடன் போதிய அளவு கூட்டுப் பயிற்சி பெறாததையும் அது பட்டியலிட்டது. மற்ற மூன்றில் ஒன்று, 2025 பிப்ரவரி 12ஆம் தேதி எகிப்தின் போர்ட் செய்த் அருகே ட்ரூமன் ஒரு சரக்குக் கப்பலுடன் மோதியது. எஞ்சிய இரண்டில், தலா ஒரு போர் விமானம் கடலில் வீழ்ந்தது. மாதக்கணக்கில் நீண்ட போர்ச்சூழலில், ஏவுகணைகளைத் தடுத்து நிறுத்திய அந்த அணி தன் விமானங்களைத் தன் கையாலேயே இழந்தது.

ஊபர்லிங்கன் அறிக்கையையும் இந்த அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒற்றுமை புலப்படும். பழுதான கருவி, பழகிப்போன குறுக்கு வழி, போதாத பயிற்சி, ஒருவர் தோளில் ஏற்றப்பட்ட பலரின் சுமை ஆகியவை முன்பே அங்கு இருந்தன. கடைசி வினாடிகளில் எடுக்கப்பட்ட முடிவு அவற்றின் மேல் வந்து அமர்ந்தது.

ஜெனீவாவின் தயக்கம்

கப்பலைக் காக்கும் தானியங்கி ஆயுதங்களின் இந்த அனுபவம் ஜெனீவாவில் நடக்கும் பேச்சுகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. குறிப்பிட்ட மரபுவழி ஆயுதங்கள் தொடர்பான 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ், தானாக இயங்கிக் கொல்லும் ஆயுதங்கள் குறித்து 2014 முதல் அங்கு விவாதிக்கப்படுகிறது. 2017இல் அரசு நிபுணர்களின் குழு கூடத் தொடங்கியது. அதன் முதல் இரு ஆண்டுகளின் பேச்சுகளுக்குத் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். 2019இல் 11 வழிகாட்டும் கோட்பாடுகள் ஏற்கப்பட்டன. ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2026ஆம் ஆண்டு மறுஆய்வு மாநாட்டுக்குள் பணியை முடிக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் அக்குழுவுக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டது. ஒருமித்த இணக்கத்தின் பேரிலேயே முடிவெடுக்க முடியும் என்பதால், ஒரு நாடு மறுத்தாலும் வேலை நின்றுவிடுகிறது.

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2021 மே மாதம் தன் நிலைப்பாட்டை அறிவித்தது. விளைவை முன்கூட்டி அறிய முடியாத தானியங்கி ஆயுதங்களையும், மனிதரைக் குறிவைக்கும் தானியங்கி ஆயுதங்களையும் தடை செய்ய வேண்டும் என்றும், மற்றவற்றுக்கு இடம், காலம், இலக்கு ஆகியவற்றில் வரம்பு விதித்து, மனிதர் குறுக்கிட்டு நிறுத்த வழி செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. வரும் ஏவுகணையைத் தடுக்கும் கப்பல் துப்பாக்கி இந்த இரண்டாவது வகையில் சேரும்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த யோசனையில்தான் சூரிச்சின் அனுபவம் உறுத்துகிறது. 'மனிதர் குறுக்கிடலாம்' என்று எழுதிவைப்பது எளிது. நாற்பது வினாடிகளில், பாதி விவரங்கள் மட்டுமே தெரியும் திரையின் முன்னால், முந்தைய முறை சுடாததற்குத் தண்டிக்கப்பட்டவரின் கதையை மனதில் சுமந்துகொண்டு குறுக்கிட எத்தனை பேரால் இயலும்? குறுக்கிடுவதற்கான நேரமும் தகவலும் பயிற்சியும் தரப்படாவிட்டால், அந்த மனிதர் அங்கே இருப்பது தவறு நேர்ந்த பின் பழியை ஏற்பதற்காகத்தான் என்றாகிவிடும்.

இந்தியாவுக்கு என்ன?

விக்ரமாதித்யா, 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த் ஆகிய இரு விமானந்தாங்கிக் கப்பல்களை இந்தியா இயக்குகிறது. இவற்றுக்கும் இதே போன்ற பல வளையக் காவல் தேவைப்படுகிறது. தன் தரப்பையே தாக்கும் தவறும் இந்தியாவுக்குப் புதிதன்று. 2019 பிப்ரவரி 27ஆம் தேதி, பாகிஸ்தானுடன் வான்மோதல் நடந்துகொண்டிருந்தபோது, காஷ்மீரின் பட்காம் அருகே இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் ஒன்றை அப்படையின் ஏவுகணையே வீழ்த்தியது. படையினர் அறுவரும் தரையில் இருந்த பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். அது பெரும் தவறு என்று அன்றைய விமானப்படைத் தளபதி பதவுரியா அவ்வாண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆனால், விசாரணையின் முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை.

தானியங்கி ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்து நிறைவேறிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்த விவாதத்துக்கு ஜெனீவாவே உரிய மன்றம் என்பது புதுதில்லியின் வாதம். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பெரும் படைபலம் கொண்ட நாடுகள் அங்குதான் ஒரே மேசையில் அமர்கின்றன. எனினும், ஜெனீவாவே போதும் என்று சொல்லும் நாட்டுக்கு, அங்கே பேச்சு முன்னேற வழி செய்யும் கடமையும் கூடுதலாக இருக்கிறது.

விமானப் போக்குவரத்துத் துறை தன் பாடத்தைக் கற்றுக்கொண்டதற்கு முதல் காரணம், விபத்தின் ஒவ்வொரு வினாடியும் வெளிப்படையாக ஆராயப்பட்டதுதான். அதனால்தான் தனி மனிதர் ஒருவரின் பிழைக்குப் பின்னால் இருந்த நிறுவனத்தின் பிழையும், உலக விதிகளின் பிழையும் தெரியவந்தன. கருவியின் சொல் மேலா, மனிதரின் சொல் மேலா என்பதை எந்தச் சூழலில் எப்படி முடிவு செய்வது என்று அமைதிக் காலத்திலேயே எழுதி, அதன்படி பயிற்சி அளித்து, தவறு நேர்ந்தால் முழு உண்மையையும் வெளியிடும் துணிவு கடற்படைகளுக்கும் வர வேண்டியுள்ளது. அந்தத் துணிவு வரும் வரை, அடுத்த விபத்துக்கும் 'மனிதத் தவறு' என்ற இரு சொற்களே காரணமாகச் சொல்லப்படும். அதற்கு அடுத்ததைத் தடுக்க அவை உதவப் போவதில்லை.